ஊர்களைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள்

பள்ளிச் சுற்றுலாவாகப் பிள்ளைகளை இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் அனுப்பத் தயாராகும் பெற்றோருக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருபவள் நான். இந்தப் பயணங்களில் அவர்களுக்குத் துணையாக உடன் செல்பவளும் நான்தான். இதை ஏதோ ஒரு பள்ளியின் பெற்றோருக்கு மட்டும் எழுதவில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவராக இருந்தாலும், பணம் கட்டும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஆண்டு பயணநிரல் நீண்டுகொண்டே போகிறது. ரோம், பீசா, ஃப்ளாரன்ஸ், வெனிஸ், அங்கிருந்து விமானம் ஏறி ஏதென்ஸ். எல்லாம் எட்டு நாளில். இதைக் குறைக்கச் சொன்னால் டிராவல்ஸ்காரர் பள்ளியைக் கை காட்டுகிறார். பள்ளி நிர்வாகம் உங்களைக் கை காட்டுகிறது. “பக்கத்துப் பள்ளியில் ஆறு ஊர் காட்டுகிறார்கள், நீங்கள் ஏன் நான்கோடு நிறுத்துகிறீர்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்கிறார்கள். அதனால்தான் இடையில் யாரையும் வைக்காமல் உங்களிடமே நேராகப் பேச வந்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகளின் கல்வியும் பாதுகாப்பும் அந்த நீளமான நிரலில்தான் முதலில் அடிபடுகின்றன.

அந்த நிரலில் ஒரு வரியாக அச்சாகியிருக்கும் ஒரு நாள் உண்மையில் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ‘ரோமிலிருந்து புறப்பாடு, பீசா, ஃப்ளாரன்ஸ், இரவு தங்கல்’ என்று போட்டிருக்கும். விடிவதற்கு முன் நாற்பது பிள்ளைகளை எழுப்ப வேண்டும். பெட்டிகள் கீழே இறங்கி, பாஸ்போர்ட்டுகள் சரிபார்க்கப்பட்டு, அறையில் விட்டுவந்த சார்ஜரை எடுக்க இரண்டு பேர் திரும்ப ஓடி, பேருந்து கிளம்பும்போது சொன்ன நேரத்துக்கு மேல் முக்கால் மணியாவது ஆகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. அது நல்ல சட்டம், நம் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் சட்டம். ஆனால் நிரலைப் போட்டவர் அந்த ஓய்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வழியில் கழிப்பறைக்கு நிறுத்தினால் நாற்பது பேரும் போய்வர அரை மணி நேரம். பீசாவில் இறங்கி, சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் ஆளுக்கொரு படம். அவ்வளவுதான் பீசா. ஃப்ளாரன்ஸின் பழைய நகரத்துக்குள் சுற்றுலாப் பேருந்து நினைத்தபடி நுழைய முடியாது. வெளியே இறங்கி நடந்துதான் போக வேண்டும். இத்தனையும் கழிந்தபின் அந்த மகத்தான நகரத்துக்கு மிஞ்சுவது அந்தி நேரம் கொஞ்சம். அதிலும் பாதி, நீங்கள் வாங்கிவரச் சொன்ன தோல் பைக்கும் பிள்ளைகள் கேட்கும் ஐஸ்கிரீமுக்கும் போய்விடுகிறது.

இப்படி அலைந்த பிள்ளை மறுநாள் வெனிஸ் போகும் வழி முழுக்கத் தூங்குகிறது. நாலாம் நாள் எந்த ஊரில் எந்தக் கோயிலைப் பார்த்தோம் என்று கேட்டால் அதற்கு நினைவில்லை. வகுப்பில் துறுதுறுவென்று கேள்வி கேட்கும் பிள்ளைகள் அங்கே, “மிஸ், இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?” என்ற ஒன்றைத்தான் கேட்கிறார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நுனிப்புல் மேயத்தான் அவர்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் நிலையையும் கேளுங்கள். “உங்களுக்கென்ன மிஸ், இலவசமா ஐரோப்பா பார்க்கிறீங்க” என்று உங்களில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் வலிக்கிறது. அருங்காட்சியகத்தின் ஒவ்வொரு வாசலிலும், ஒவ்வொரு ரயில் நிலையத்திலும், தெரு முனைகளிலெல்லாம் நாங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். முப்பத்தொன்பது என்று கணக்கு வந்துவிட்டால் அந்த நாற்பதாவது தலை கண்ணில் படும்வரை மூச்சு நின்றுவிடும். இரவில் எல்லா அறைகளிலும் விளக்கு அணைந்த பிறகும் விடுதியின் நடைவழியில் நாற்காலி போட்டு முறைவைத்து உட்கார்ந்திருப்போம். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து, வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளையைத் தேற்றி, மாதவிலக்கு வந்து கூச்சப்படும் பெண்ணுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் படுப்போம். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் நீங்கள் மட்டுமல்ல. இதை மனமுவந்துதான் செய்கிறோம். ஆனால் தலை எண்ணுவதிலேயே எங்கள் நாள் முழுவதும் போய்விட்டால், கற்றுக்கொடுப்பவர் அங்கே யாரும் இல்லை. அந்த வேலைக்கு ஆசிரியர் தேவையில்லை, காவலர் போதும்.

நேரம் இருந்தால் அங்கே என்ன நடக்கும்? ரோமில் கொலோசியத்துக்கு அருகே டைட்டஸ் வளைவு நிற்கிறது. பெரும்பாலான குழுக்கள் அதன் அடியில் நடந்து மறுபுறம் போய்விடும். ஒருமுறை நுழைவு நேரத்துக்கு இடைவெளி இருந்ததால் பிள்ளைகளை அதன் நிழலில் உட்காரவைத்தேன். வளைவின் உட்சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ரோமானிய வீரர்கள் ஏழு கிளை விளக்கு ஒன்றைத் தோளில் சுமந்து ஊர்வலம் போகிறார்கள். கி.பி. 70இல் ஜெருசலேமின் ஆலயத்தை இடித்துக் கொண்டுவந்த பொருள் அது. ஊர்வலத்தில் போகும் முகங்கள் தேய்ந்துபோயிருக்கின்றன, விளக்கு மட்டும் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அந்த விளக்கு யாரோடது மிஸ்?” என்றான். அங்கிருந்து பேச்சு வளர்ந்தது. வென்றவன் எழுப்பிய கல்லைப் பார்த்துத் தோற்றவனின் கதையை எப்படி அறிவது? கி.பி. 80இல் திறந்த கொலோசியத்தை அந்தப் போரில் கிடைத்த செல்வத்தைக் கொண்டே கட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்களே, அப்படியானால் அதை எந்தக் கண்ணால் பார்ப்பது? ஒரு பாடவேளைக்கும் குறைவான நேரம்தான். என் வகுப்பறையில் ஓராண்டு முழுக்கப் பாடம் நடத்தினாலும் அந்தக் கேள்வி அவனிடமிருந்து வந்திருக்காது. அந்த வளைவு உங்கள் பயணநிரலில் தனி இடமாகக்கூட இருக்காது.

ஃப்ளாரன்ஸில் சுவர்களைப் பார்த்து நடக்க வேண்டும். பல தெருக்களில் ஆள் உயரத்துக்கு மேலே சிறு கல்வெட்டுகள் பதித்திருக்கிறார்கள். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு அதுவரை ஏறியது என்று அவை காட்டுகின்றன. அன்று ஆற்றோரம் இருந்த தேசிய நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்து ஏராளமான பழம் நூல்கள் சேற்றில் மூழ்கின. அவற்றை மீட்க இத்தாலியின் பல ஊர்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். வரிசையாக நின்று, சேறு படிந்த புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுவந்தார்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று அந்த நகரம் அவர்களை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள், உங்கள் பிள்ளைகளைவிடச் சில வயதுதான் மூத்தவர்கள். அதே வெள்ளத்தில் சாந்தா க்ரோச்சே ஆலயத்தில் இருந்த சிமபுவேயின் சிலுவை ஓவியம் தன் வண்ணத்தில் பெரும்பகுதியை இழந்தது. சீரமைத்தவர்கள் இழந்த இடத்தைப் பழையபடி வரைந்து மூடவில்லை, இழப்பு தெரியும்படியே விட்டார்கள். சென்னை வெள்ளத்தைக் கண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தச் சுவர்களும் இந்த ஓவியமும் சொல்ல எவ்வளவோ வைத்திருக்கின்றன. அதைக் கேட்க ஒரு காலைப்பொழுது போதும். அந்தக் காலைப்பொழுதுதான் நமக்குக் கிடைப்பதில்லை.

ஏதென்ஸில் 2009இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்ச் சும்மா விட வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் குன்றின்மேல் பார்த்தினான் கோயில் தெரியும். உள்ளே அதன் சிற்பவரிசை. பழுப்பேறிய கற்களுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று சுதையில் வார்த்த நகல்கள் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்தெடுத்துப் போனவற்றை 1816இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக அரசு வாங்கியது. அங்கே இருக்கும் பகுதிகளுக்கு இங்கே நகல் வைத்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை எந்தப் பலகையும் இல்லாமலே பிள்ளைகளின் கண் கண்டுகொள்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் களவுபோன நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்ததை அந்த இடத்தில் சொன்னால், தம் ஊர்க் கோயிலையும் அந்தக் குன்றையும் ஒரே கண்ணால் பார்க்க அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்று. நம் மண்ணுக்கும் அந்த மண்ணுக்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கல் வாங்கல் இருந்தது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த பளபளப்பான சிவப்பு மட்கலங்கள் இத்தாலியின் அரெட்ஸோ நகரத்துப் பெயரால் அறியப்படுபவை. அந்த நகரம் ஃப்ளாரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தை ஒட்டிய தூரம்தான். அங்கே ரோமானிய அரங்கின் இடிபாட்டை ஒட்டியிருக்கும் அருங்காட்சியகத்தில் அதே சிவப்புக் கலங்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். பாம்பெயியில் 1938இல் கண்டெடுத்த சிறு தந்தச் சிலை ஒன்று நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தியாவில் செதுக்கியது. லட்சுமி என்பார்கள், யட்சி என்பாரும் உண்டு. கி.பி. 79இல் வெசுவியஸ் வெடிப்பதற்கு முன்பே அது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ரோமிலிருந்து நேப்பிள்ஸ் விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளை இத்தாலிக்கு அழைத்துப்போய், நம்மோடு தொடர்புடைய இந்த இரண்டையும் காட்டாமல் கோபுரத்தைத் தாங்கிப் படம் எடுக்கவைத்துத் திரும்புகிறோம். எனக்குப் பெரிய குறை இதுதான்.

இனிப் பாதுகாப்புக்கு வருகிறேன். ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தை 1420 முதல் 1436 வரை புரூனெல்லெஸ்கி கட்டினார். அதன் உச்சிக்கு ஏற 463 படிகள். மின்தூக்கி கிடையாது, படிக்கட்டும் குறுகல். நுழைவுச்சீட்டில் குறித்த நேரத்துக்குப் போயாக வேண்டும், தாமதித்தால் சீட்டு வீண். ஒரு பயணத்தில் மாணவி ஒருத்தி பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு இழுத்தது. பின்னால் வந்தவர்களுக்கு விலகி நிற்க இடமில்லை. உள்மாடம் வரை கைத்தாங்கலாக ஏற்றி, அங்கிருந்த ஊழியரின் உதவியோடு உட்காரவைத்து, அவள் பையைத் துழாவியபோது கைக்குட்டையில் சுற்றிய இன்ஹேலர் கிடைத்தது. உடல்நலப் படிவத்தில் அவள் பெற்றோர் ‘எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆஸ்துமா என்று எழுதினால் பள்ளி வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்ற பயம். மூச்சு முட்டத் தொடங்கியதும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அந்தப் பெண், “என்னால எல்லாருக்கும் லேட் ஆயிடும்னு நினைச்சேன் மிஸ்” என்றாள்.

அந்தப் பதிலை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். படிவத்தில் மறைத்தது பாதி ஆபத்து. மீதியை உண்டாக்கியது அவசரம். ஓடிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் தனக்கு முடியவில்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. வலிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு, வேர்க்கடலை ஒவ்வாமை, தூக்கத்தில் நடப்பது, மனப்பதற்றம் எதுவானாலும் எங்களிடம் சொல்லுங்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போவதற்காகக் கேட்கவில்லை, கவனமாக அழைத்துப் போவதற்காகவே கேட்கிறோம். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோரும் எடுத்திருப்பீர்கள். மறைத்த நோய்க்கு அந்தக் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். அந்நிய ஊர் மருத்துவமனையில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு நாங்கள் தவறான பதில் சொல்ல நேர்ந்தால் அதன் விலை என்ன என்று நான் எழுத விரும்பவில்லை.

வெயிலையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலைக் கண்டவர்கள்தானே என்று சொல்வீர்கள். நம் ஊரில் உச்சிவேளையில் எந்தப் பிள்ளையும் நிழலில்லாத பாறைக்குன்றில் ஏறி நிற்பதில்லை. 2023 ஜூலையில் வெப்ப அலை அடித்தபோது கிரேக்க அரசு நண்பகல் நேரத்தில் அக்ரோபோலிஸையே மூடிவைத்தது. அதே ஆண்டு முதல் அங்கே ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பும், நேரம் குறித்த சீட்டும் வந்துவிட்டன. கொலோசியத்தில் சீட்டில் உள்ள பெயரையும் அடையாள ஆவணத்தையும் ஒப்பிடுகிறார்கள். வெனிஸில் 2024 முதல் வழிகாட்டியோடு போகும் குழுவில் பொதுவாக 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. இந்த விதிகள் நியாயமானவை, நாம் மதித்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு நாளில் இரண்டு ஊர் பார்ப்பது இந்த விதிகளுக்கு உட்பட்டு நடக்கக்கூடிய காரியம் இல்லை. ஓரிடத்தில் வரிசை நகரவில்லை என்றால் அன்றைய நாள் முழுவதும் சரிகிறது. சரிந்த நாளை ஈடுகட்ட ஓடும்போதுதான் பர்ஸ் களவுபோகிறது. கூட்டத்திலிருந்து பிள்ளை பிரிவதும் வெயிலில் மயங்கி விழுவதும் அப்போதுதான்.

நடத்தையும் அப்படித்தான். 2023இல் கொலோசியத்தின் சுவரில் சாவியால் பெயர் கீறிய பயணி ஒருவரின் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த சில வாரங்களில் பதின்வயதுப் பெண் ஒருத்தியும் அங்கேயே சுவரில் கீறி மாட்டிக்கொண்டாள். இதற்குப் பெரும் அபராதம் உண்டு, சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் பிள்ளை அப்படிச் செய்யாது என்று நானும் நம்புகிறேன். ஆனால் ஒரு சுவரை மதிக்க வேண்டுமானால் அது என்னவென்று தெரிய வேண்டும். பத்து நிமிடத்தில் கடந்துபோகும் பிள்ளைக்கு அது வெறும் பழைய சுவர். நிறுத்தி நிதானமாகப் பார்த்த பிள்ளை அதன்மேல் கைவைக்கவே தயங்கும்.

அடுத்து, கைப்பேசி. உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. கண்காணாத தேசத்தில் பிள்ளை என்ன சாப்பிட்டதோ, எங்கே நிற்கிறதோ என்று உங்களுக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது வீடியோ அழைப்பு வருகிறது. “கேமராவைத் திருப்பு, பாட்டி பார்க்கணுமாம்” என்கிறீர்கள். பிள்ளை கூட்டத்தை விட்டு விலகிப் போய் நின்று பேசுகிறது. நாங்கள் அதன்பின்னே ஓடுகிறோம். வாட்ஸ்அப் குழுவில் “எங்க பையன் எந்தப் படத்திலும் இல்லையே” என்று ஒருவர் கேட்டதும் பத்துப் பேர் கேட்கிறார்கள். அப்போது ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளைக் கவனிப்பதை விட்டுவிட்டுப் படம் எடுக்கிறார். அந்த ஐந்து நிமிடம் எத்தனை பிள்ளைகள் யார் பார்வையிலும் இல்லாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் அக்கறையே அவர்களைக் காவலில்லாமல் நிறுத்திவிடுகிறது.

தனியே விட்டால் அவர்கள் எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறார்கள் தெரியுமா? ரோம் நகரத்துத் தெருக்களில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்த் தூண்கள் இருக்கின்றன. இரும்பில் வார்த்த குட்டையான தூண், வளைந்த மூக்கிலிருந்து தண்ணீர் ஓயாமல் கொட்டும். பாட்டிலைப் பிடித்து நிரப்பிக்கொள்ளலாம். வாய்வைத்துக் குடிக்க வேண்டுமென்றால் மூக்கின் அடிவாயை விரலால் அடைக்க வேண்டும், மேலேயுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சும். அதை யாரும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. பள்ளிச் சீருடையில் இருந்த உள்ளூர்ச் சிறுமி ஒருத்தி குடிப்பதைப் பார்த்தார்கள், அவளிடமே சைகையில் கேட்டார்கள். மொழி தெரியாத இரண்டு கூட்டமும் முகத்தில் தண்ணீர் தெறிக்கச் சிரித்தது. வீட்டில் தண்ணீர் எடுத்துத் தர அம்மாவைக் கூப்பிடும் பிள்ளை, அன்று மாலை மற்றவர்களின் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போய் நிரப்பி வந்தது.

உங்கள் மனத்தில் இருக்கும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். “லட்சக்கணக்கில் கட்டுகிறோம். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் அனுப்புகிறவர்கள் இருக்கிறோம். வாழ்நாளில் ஒரு தடவைதான் போக முடியும். அதற்குள் முடிந்ததையெல்லாம் பார்த்துவிடட்டுமே.” இந்த ஆசையை மதிக்கிறேன். நம்மில் பலர் பாஸ்போர்ட் என்ற ஒன்றையே நடுவயதில்தான் கண்டோம். நமக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்ற தவிப்பில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நீங்கள் கட்டும் பணத்தில் எவ்வளவு பேருந்துக்கும், ஊருக்கு ஊர் மாறும் விடுதிக்கும், இடையில் ஒரு விமானத்துக்கும் போகிறது என்று கேளுங்கள். சாலையைப் பார்க்கவா கடன் வாங்குகிறோம்? ஒரே விடுதியில் நான்கு இரவு தங்கினால் பெட்டி கட்டும் காலைகள் மிஞ்சும், பயணச் செலவும் குறைய வழியுண்டு. குறைந்தால் அந்தப் பணம் கட்ட முடியாமல் பெயர் கொடுக்காத வகுப்புத் தோழன் ஒருவனும் வர முடியலாம். வாழ்நாளில் ஒரே தடவைதான் என்றால், அந்த ஒரு தடவையாவது ஒரு நகரத்தை அதற்குரிய மரியாதையோடு பார்க்கட்டும். ரோமையும் ஃப்ளாரன்ஸையும் நன்றாகப் பார்த்த பிள்ளை, வெனிஸுக்கும் ஏதென்ஸுக்கும் ஒருநாள் தன் சம்பாத்தியத்தில் போகும். ஐந்தையும் ஓடி ஓடிப் பார்த்த பிள்ளைக்குத் திரும்பப் போக வேண்டும் என்றே தோன்றாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். முன்பணம் கட்டும் முன், பெற்றோர் எல்லோரும் சேர்ந்து பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எட்டு நாள் பயணத்தில் இரண்டு ஊர்களுக்கு மேல் தங்கல் வேண்டாம் என்று அதில் சொல்லுங்கள். இத்தாலி என்றால் இத்தாலி மட்டும், கிரேக்கம் என்றால் கிரேக்கம் மட்டும். தங்கும் ஒவ்வொரு ஊரிலும் மூன்று முழு நாட்கள். வெயில் ஏறியபின் மதியம் இரண்டு மணி நேரம் விடுதியில் ஓய்வு. தினமும் ஒரு பொழுதாவது எந்த இடமும் குறிக்காமல் காலியாக விட வேண்டும். இத்தாலி என்றால், அரெட்ஸோவோ நேப்பிள்ஸோ, நம் மண்ணோடு தொடர்புள்ள ஓரிடம் கட்டாயம் இருக்க வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வர வேண்டும். டிராவல்ஸ்காரர் நிரலை எழுதும்போது உடன் போகும் ஆசிரியர்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும். இவற்றை நாங்கள் கேட்டால் நிர்வாகம் காது கொடுப்பதில்லை. பணம் கட்டும் நீங்கள் கேட்டால் மறுக்க முடியாது.

உங்கள் வீட்டளவில் செய்ய வேண்டியவையும் உண்டு. உடல்நலப் படிவத்தில் உண்மையை முழுதாக எழுதுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் எங்களில் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அது எங்களோடு நிற்கும். பகலில் பிள்ளையைக் கைப்பேசியில் அழைக்காதீர்கள். இரவு உணவுக்குப் பிறகு அவர்களே உங்களை அழைக்க நேரம் ஒதுக்குவோம். எல்லோரும் நலம் என்ற செய்தி தினமும் எங்களிடமிருந்து வரும், அவசரம் என்றால் முதல் அழைப்பு உங்களுக்குத்தான். வாங்கிவர வேண்டிய பொருள்களின் பட்டியலைக் கொடுத்தனுப்பாதீர்கள், தங்கச் சங்கிலி போட்டு அனுப்பாதீர்கள். காலுக்குப் பழகிய காலணியும், எழுத ஒரு நோட்டும் கொடுத்தனுப்புங்கள். பயணத்துக்கு முந்தைய மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிக்கமேட்டுக்கோ உங்கள் ஊருக்கு அருகே உள்ள பழைய கோயிலுக்கோ அழைத்துப் போய், அவசரப்படாமல் ஒரு மணி நேரம் அங்கே உட்காரவையுங்கள். ஒரு கல்லைப் பார்க்கத் தெரிந்த பிள்ளையாக அனுப்பினால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் கடமை. அதை எத்தனை ஊர் போனாலும் உயிரைக் கொடுத்துச் செய்வோம். ஆனால் கண்ணும் மனமும் விரிந்தவர்களாகத் திருப்பித் தர வேண்டுமென்றால் எங்களுக்கு அவகாசம் வேண்டும். அதை எங்களுக்குத் தர உங்களால் மட்டுமே முடியும். நிரல் அச்சாகிவிட்டால் மாற்ற முடியாது. அதனால் அந்தக் கடிதத்தை இந்த வாரமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளோடு உடன் செல்லும் ஆசிரியர்களில் ஒருத்தி